கொரோலா 121: டைமிங் பெல்ட்டா, செயினா? விற்றவர் ஒன்று சொல்கிறார், கராஜ் பாஸ் ஒன்று கேட்கிறார்

கடலோரம்6 (திங்கள், இரவு 9.12)

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஒரு டொயோட்டா கொரோலா 121 வாங்கினேன், 2001ஆம் ஆண்டுத் தயாரிப்பு. 2025 பெப்ரவரியில் இலங்கைக்கு வாகன இறக்குமதி திரும்பத் திறந்ததும் பழைய கார்களின் விலை இறங்கும் என்று காத்திருந்தேன். காத்திருந்ததுதான் மிச்சம். மீட்டரில் 94,000 கிலோமீட்டர் காட்டுகிறது.

வாங்கும்போது, என்ஜினின் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே கணக்கில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றியதா என்று கேட்டேன். "இதில் பெல்ட்டே இல்லை, செயின்" என்றார் விற்றவர். கூட வந்த புரோக்கரும் "செயின் தமயி மஹத்தயா" (செயின்தான் ஐயா) என்று சிங்களத்தில் சொல்லித் தலையாட்டினார். சரி என்று விட்டுவிட்டேன். நேற்று ஒயில் மாற்றப் போன இடத்தில் பாஸ், அதாவது மெக்கானிக், பொனட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டார். செயின்தானே என்றேன். அவர் சிரித்தார், மேலே ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்புத்தான் என்னைத் தூங்க விடுகிறதில்லை.

நானே டோர்ச் பிடித்துப் பார்த்தேன். என்ஜினின் பக்கவாட்டில் கறுப்பாக ஒரு பெல்ட் ஓடுகிறது. அப்படியென்றால் பெல்ட்தானே? இன்னும் பத்து நாளில் புகைப் பரிசோதனைக்கும் போக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கொட்டாஞ்சேனை மச்சான் (திங்கள், இரவு 9.31)

மச்சான், 121 என்றால் 1என்இசட் என்ஜின். செயின். என்னிடமும் அதேதான், 230,000 ஓடிவிட்டது, இன்னும் அந்தப் பக்கம் கை வைக்கவில்லை. பெல்ட் எல்லாம் 110ஓடு முடிந்தது. போய்த் தூங்குங்கள்.


வேகன்ஆர் அக்கா (திங்கள், இரவு 9.50)

தம்பி, நீங்கள் டோர்ச் பிடித்துப் பார்த்தது ஃபேன் பெல்ட். ஒல்டர்னேட்டரையும் ஏசியையும் சுற்றுவது. அது வெளியே திறந்தபடிதான் ஓடும், செயின் என்ஜினிலும் இருக்கும். டைமிங் பெல்ட்டை மூடியைக் கழற்றாமல் பார்க்க முடியாது. நானும் முதல் காரில் இதே தப்பைச் செய்து, ஃபேன் பெல்ட்டை மாற்றிவிட்டு "டைமிங் பெல்ட் மாற்றியாச்சு" என்று இரண்டு வருடம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். யாரும் திருத்தவில்லை.


ஸ்பேனர்14 (திங்கள், இரவு 10.24)

கொஞ்சம் பொறுங்கள். 121 என்று மட்டும் சொன்னால் எனக்குப் போதாது. பெற்றோலா, டீசலா?

பெல்ட்டா செயினா என்பதைக் காரின் பெயரைக் கேட்டுச் சொல்வது, ஒருவரின் ஊரைக் கேட்டு இரத்த வகையைச் சொல்வது மாதிரி. 121 என்பது உடம்பின் பெயர். பெல்ட்டோ செயினோ என்ஜினுக்குள் இருக்கும் சமாச்சாரம். ஒரே உடம்புக்குள் மூன்று நான்கு விதமான என்ஜின்களை வைத்து விற்பார்கள்.

பொனட்டைத் திறக்கும் முன் புத்தகத்தைத் திறவுங்கள். வாகனப் பதிவுப் புத்தகத்தைச் சொல்கிறேன். அதில் செஸி நம்பர், என்ஜின் நம்பர், சிசி மூன்றும் இருக்கும். டொயோட்டாவின் என்ஜின் நம்பர் என்ஜினின் பெயரோடுதான் தொடங்கும். 5ஏ என்று தொடங்கினால் 5ஏ என்ஜின், 1என்இசட் என்று தொடங்கினால் 1என்இசட். நிசானும் ஹொண்டாவும் பெரும்பாலும் இப்படித்தான், கியூஜி15 என்றோ டி15பி என்றோ ஆரம்பிக்கும். டொயோட்டாவில் செஸி நம்பரும் காட்டிக்கொடுக்கும். ஏஈ110 என்றால் முன்னால் நிற்கும் ஏ, என்ஜினின் குடும்பப் பெயர். என்இசட்ஈ121 என்றால் என்இசட் குடும்பம். இசட்இசட்ஈ122 என்றால் இசட்இசட் குடும்பம். இந்த எழுத்தைப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் கேள்விகளை யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

உங்கள் புத்தகத்தில் என்ஜின் நம்பரின் முதல் இரண்டு மூன்று எழுத்து என்ன? முழு நம்பரையும் இங்கே போட வேண்டாம்.


கடலோரம்6 (திங்கள், இரவு 10.41)

புத்தகம் லீசிங் கம்பனியிடம் இருக்கிறது அண்ணா. என்னிடம் ஃபோட்டோ கொப்பிதான். வீட்டில் தேடிவிட்டு வருகிறேன்.

டீசல்தான். அது முக்கியமா?


கொட்டாஞ்சேனை மச்சான் (திங்கள், இரவு 10.43)

ஐயோ மச்சான். முதலே சொல்லியிருக்கலாமே. நான் சொன்னது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். தூங்கவும் வேண்டாம்.


கடலோரம்6 (திங்கள், இரவு 11.05)

கொப்பி கிடைத்தது. என்ஜின் நம்பர் 3சி என்று தொடங்குகிறது. செஸி நம்பர் சிஈ121. சிசி என்ற இடத்தில் 2184.


ஸ்பேனர்14 (திங்கள், இரவு 11.38)

3சி. அப்படியென்றால் பெல்ட். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, பாஸ் சிரித்ததும் சரி. பெற்றோல் 121இன் 1என்இசட் 1496 சிசி, அது செயின். உங்களுடையது சி குடும்பத்து டீசல். 2சி, 3சி எல்லாமே பழைய வடிவமைப்பு, எல்லாமே பெல்ட். டொயோட்டா புது உடம்புக்குள் பழைய டீசலை வைத்துக் கொடுத்த கார் இது. விற்றவர் பொய் சொன்னார் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். "121 என்றால் செயின்" என்று யாரோ சொன்னதை அவரும் அப்படியே சொல்லியிருப்பார்.

கேம்ஷாஃப்ட் வால்வுகளைத் திறந்து மூடுகிறது, கிராங்க் பிஸ்டன்களை மேலும் கீழும் ஓட்டுகிறது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று, பல் பிசகாமல். இந்தக் கணக்கைப் பிடித்து வைத்திருப்பதுதான் பெல்ட்டோ செயினோ. உங்கள் 3சியில் டீசல் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு வேறு வேறு நேரத்தில் வந்து போகின்றவை. பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், கிராங்க் வேகத்தில் இன்னும் சில சுற்றுச் சுற்றும். திறந்தபடி நின்றுபோன வால்வில் பிஸ்டன் போய் அடிக்கும். டீசலில் அழுத்தம் அதிகம் வேண்டும் என்பதற்காக பிஸ்டனின் தலைக்கும் வால்வுக்கும் இடையில் இடமே வைப்பதில்லை. அதனால் டீசலில் பெல்ட் அறுந்தால் ஹெட்டை (வால்வுகள் இருக்கும் என்ஜினின் மேல்பாகத்தை) கழற்றாமல் தப்புவது அபூர்வம்.

இன்னொன்று. பெல்ட்டை மாற்றாமல் புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டாம். பெற்றோல் காரை அங்கே நிதானமாகத்தான் சோதிப்பார்கள். டீசலில் ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்து, என்ஜின் போகக்கூடிய உச்ச வேகம் வரை விட்டு, புகையின் அடர்த்தியை அளப்பார்கள். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. வயதான பெல்ட்டுக்கு அதைவிட மோசமான பரீட்சை கிடையாது.


ஹயஸ் அண்ணே (செவ்வாய், காலை 6.15)

ஸ்பேனர் தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு. என்னிடம் பழைய டொல்பின் ஹயஸ் இருந்தது. டொயோட்டா டீசல் வேன்களில் மீட்டரில் டி-பெல்ட் என்று ஒரு லைட் இருக்கும். 100,000 ஓடியதும் எரியும். எனக்கு எரிந்தது. கொச்சிக்கடை கோவிலுக்கு ஒரு ஹயர், பிறகு மடுவுக்கு ஒரு ஹயர், இதோ மாற்றுகிறேன் அதோ மாற்றுகிறேன் என்று ஓட்டிக்கொண்டே இருந்தேன். கண்டிக்குக் கல்யாணக் கூட்டம் ஒன்றை ஏற்றிக்கொண்டு போகும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வேன் செத்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா உட்பட பதினொரு பேர் பட்டுச் சேலையோடு வீதியில். ஹெட்டைத் திறந்தபோது எட்டு வால்வில் ஐந்து வளைந்திருந்தன. தப்பு முழுக்க என்னுடையது, லைட்டைக் குறை சொல்ல முடியாது.

லைட் விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பெல்ட்டின் நிலைமை ஒன்றும் தெரியாது. கிலோமீட்டரை மட்டும்தான் எண்ணும். மாற்றியதும் பாஸ் அதைக் கையால் திரும்பப் பூச்சியமாக்க வேண்டும். பெல்ட்டை மாற்றாமல் லைட்டை மட்டும் அணைத்து விற்ற வேன்களும் உண்டு. லைட் எரியவில்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள்.


வடக்கு வாசல் (செவ்வாய், காலை 8.02)

சும்மா பிள்ளையைப் பயப்படுத்தாதேங்கோ. என்ர கரீனா 212இல ரைமிங் பெல்ற் கொள்ளுப்பிட்டிச் சந்தியில வைச்சு அறுந்தது. ஒரு ஓட்டோவில கட்டி இழுத்துக்கொண்டு போய், புதுப் பெல்ற் போட்டு, ஸ்ரார்ட் பண்ணினால் பூனை மாதிரி ஓடிச்சுது. பெல்ற் அறுந்தால் என்ஜின் போச்சு எண்டது கராஜ்காரர் காசு பறிக்கக் கட்டின கதை.


ஸ்பேனர்14 (செவ்வாய், காலை 8.40)

அண்ணா, உங்கள் கரீனா 212 நல்ல கார். உங்களுக்கு நடந்ததும் உண்மை. ஆனால் அது 5ஏ-எஃப்ஈ பெற்றோல் என்ஜின். அதில் வால்வு முழுதாகத் திறந்து நின்றாலும் பிஸ்டன் தொடாத அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். பெல்ட் அறுந்தால் கார் நிற்கும், அதற்கு மேல் சேதமில்லை. 110 கொரோலாவிலும் அதே 5ஏ வந்தது. அந்தக் காலத்து டொயோட்டா பெற்றோல் ஆட்களுக்கு பெல்ட் விஷயத்தில் பயமில்லாமல் போனதற்குக் காரணமும் அதுதான். பழைய சிவிக் ஈஎஸ்ஸில் டி15பி என்ஜின், அதிலும் பெல்ட்தான், ஆனால் அறுந்தால் வால்வு வளையும். உங்கள் அனுபவத்தை 3சிக்குக் கடன் கொடுக்காதீர்கள்.


வடக்கு வாசல் (செவ்வாய், காலை 8.55)

சரி சரி. டீசல் எண்டதை நான் கவனிக்கேல்லை. ஆனாலும் கொள்ளுப்பிட்டிச் சந்தியில நிண்டது உண்மை.


சில்லறைச் சந்தேகம் (செவ்வாய், காலை 10.10)

புத்தகம் கையில் இல்லை, கார் மட்டும் முன்னால் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார் விற்கும் யார்டில் பார்க்கப் போகும்போது அப்படித்தானே? கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழி இல்லையா?


ஸ்பேனர்14 (செவ்வாய், பகல் 12.50)

இருக்கிறது. சோற்றுப் பொதியைப் பிரிக்கும் முன் எழுதிவிடுகிறேன்.

ரப்பர் பெல்ட் காய்ந்தபடி ஓட வேண்டியது, ஒயில் பட்டால் ஊறிக் கெட்டுவிடும். செயின் ஒயிலில் குளித்தபடி ஓட வேண்டியது. இதை மனதில் வைத்துக்கொண்டு என்ஜினைப் பாருங்கள். ஃபேன் பெல்ட் ஓடும் அதே பக்கம்தான். பெல்ட் என்ஜினில் அந்த முகத்தில் பிளாஸ்டிக் மூடி இருக்கும், இரண்டு மூன்று துண்டாக, சின்ன 10 எம்எம் போல்ட்டுகளோடு. தட்டினால் பிளாஸ்டிக் சத்தம் கேட்கும். தூசு போகாமல் தடுத்தால் போதும் என்பதால் லேசான மூடி. செயின் என்ஜினில் அதே இடத்தில் கனமான அலுமினிய மூடி, ஒயில் சம்ப் வரை இறங்கி, விளிம்பெல்லாம் பசை வைத்து ஒட்டியிருக்கும். பழைய காரென்றால் அந்த விளிம்பில் ஒயில் கசிந்து அழுக்குப் பிடித்திருப்பதையும் பார்க்கலாம்.

சில செயின் என்ஜின்களில் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து டோர்ச் அடித்தால் செயினோ அதன் பல் சக்கரமோ தெரியும். தெரிந்தால் செயின் என்பது நிச்சயம். தெரியாவிட்டால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மூடி வேறு இடத்தில் இருக்கலாம்.

எந்தப் பக்கம் பார்ப்பது என்பதில்தான் பலர் குழம்புவார்கள். நம்மூர் டொயோட்டாக்களில், என்ஜின் குறுக்கே வைத்த கார் என்றால் பெரும்பாலும் டிரைவர் பக்கம். காருக்கு முன்னால் நின்று பார்த்தால் அது உங்களுக்கு இடது கைப் பக்கம். சிவிக் ஈஎஸ்ஸில் நேர்மாறு, பயணி பக்கம்.

ஜப்பானில் பெல்ட் மாற்றினால் தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அந்த மூடியிலேயோ பொனட்டுக்குள் வேறெங்காவதோ. அந்த ஸ்டிக்கர் இருந்தால் பெல்ட் என்ஜின் என்பதற்கு வேறு அத்தாட்சியே வேண்டாம். செயின் என்ஜினில் அதை ஒட்ட யாருக்கும் அவசியமில்லை.

ஆனால் இதெல்லாம் புத்தகத்துக்குப் பிறகுதான். புத்தகத்துக்கும் ஒரு ஓட்டை உண்டு. நம் நாட்டில் என்ஜின் வெடித்தால் ஜப்பான் ரீகண்டிஷன் என்ஜின் ஒன்றை வாங்கி ஏற்றிவிட்டு, புத்தகத்தை மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் புத்தகத்தில் இருக்கும் நம்பரை என்ஜின் புளொக்கில் அடித்திருக்கும் நம்பரோடு ஒரு தடவை ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் பெல்ட்டைப் பற்றிய கவலையை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் காரையும் ஓரமாக வைத்துவிடுங்கள்.


வேகன்ஆர் அக்கா (செவ்வாய், பகல் 1.20)

என்னுடையது வேகன்ஆர். ஆர்06ஏ என்று இருக்கிறது. செயின்தானே?


ஸ்பேனர்14 (செவ்வாய், பகல் 1.26)

செயின் அக்கா. ஒயிலை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.


சில்லறைச் சந்தேகம் (செவ்வாய், பகல் 1.40)

அப்பாவிடம் ஒரு மாருதி ஆல்டோ 800, எனக்கு ஒரு நிசான் சனி எஃப்பி15, மாமாவிடம் அக்வா. மூன்றுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அக்வாவில் பொனட்டைத் திறந்து பார்த்தேன், எந்த பெல்ட்டும் இல்லை. ஹைபிரிட் என்றால் இரண்டுமே கிடையாதா?


ஸ்பேனர்14 (செவ்வாய், பிற்பகல் 2.15)

ஆல்டோ 800: எஃப்8டி என்ஜின், பெல்ட். சனி: கியூஜி15, செயின். அக்வா முதல் தலைமுறை: 1என்இசட்-எஃப்எக்ஸ்ஈ, செயின். ஹைபிரிட் என்றாலும் உள்ளே ஒரு பெற்றோல் என்ஜின் இருக்கிறதே, அதற்கு வால்வு இருக்கிறதே. அக்வாவில் நீங்கள் காணாதது ஃபேன் பெல்ட். ஏசியும் தண்ணீர்ப் பம்பும் மின்சாரத்தில் ஓடுவதால் அந்த பெல்ட்டே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். நிசான் லீஃப் போன்ற முழு மின்சாரக் கார்களில்தான் இந்தக் கேள்வியே எழாது.


கொட்டாஞ்சேனை மச்சான் (செவ்வாய், மாலை 5.30)

செயின் என்ஜின்காரர்களுக்கு ஒரு வழியாக நிம்மதி. நான் அதை மறந்து பல வருடம்.


ஸ்பேனர்14 (செவ்வாய், இரவு 8.05)

மறக்க வேண்டாம் மச்சான். 230,000 என்றீர்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி 'கரகர' என்று ஏதாவது கேட்கிறதா?


கொட்டாஞ்சேனை மச்சான் (செவ்வாய், இரவு 8.11)

எப்படித் தெரியும்? கேட்கிறது. பழைய கார்தானே என்று நினைத்தேன்.


ஸ்பேனர்14 (செவ்வாய், இரவு 8.48)

செயின் 'இழுபட்டுவிட்டது' என்று கராஜில் சொல்வார்கள். இரும்பு ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கும் பின் தேய்கிறது. ஒரு கண்ணியில் ஒரு மயிரிழை தேய்ந்தால், நூற்றுக்கு மேற்பட்ட கண்ணியையும் கூட்டிப் பார்க்கும்போது செயின் நீண்டுவிட்ட மாதிரி ஆகிறது. அந்தத் தொய்வை டென்ஷனர் ஒயில் அழுத்தத்தால் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரவு முழுக்க நின்ற காரில் அந்த ஒயில் வடிந்துவிடும், அழுத்தம் ஏறும் வரை செயின் ஆடும். நீங்கள் கேட்கும் கரகர அதுவாக இருக்கலாம்.

செயினைத் தின்பது கிலோமீட்டர் மட்டுமில்லை, அழுக்கு ஒயில். 5,000க்கு மாற்ற வேண்டியதை 10,000க்கு மாற்றினால் பில்லில் மிச்சம் தெரியும், செயினில் நட்டம் தெரியாது. அதிகம் தேய்ந்தால் கேமுக்கும் கிராங்குக்கும் கணக்குப் பிசகி செக் என்ஜின் லைட் எரியும், ஸ்கேன் போட்டால் பி0016 மாதிரியான கோட் வரும். அதுவரை போக வேண்டாம், ஒரு தடவை காட்டுங்கள். சத்தம் ஃபேன் பெல்ட் பேரிங்கில் இருந்தும் வரலாம், போனில் யாராலும் சொல்ல முடியாது.


ஆயிரம் சிசி (செவ்வாய், இரவு 9.20)

பெல்ட் காய்ந்து இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். என் நண்பன் ஃபோர்ட் 1.0 ஈகோபூஸ்ட் வாங்கப் பார்க்கிறான். அதில் பெல்ட் ஒயிலுக்குள் ஓடுகிறது என்கிறார்கள். கிண்டலா, நிஜமா?


ஸ்பேனர்14 (செவ்வாய், இரவு 9.55)

நிஜம். நான் சொன்ன விதியை உடைக்கிற கூட்டம் அது. ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட் முதல் தலைமுறை, பெஜோ சிட்ரோயன் 1.2 பியூர்டெக் இரண்டிலும் ஒயிலில் நனையும்படி செய்த ரப்பர் பெல்ட். சத்தமும் உராய்வும் குறையும் என்பது கணக்கு. சரியான ஒயில் ஊற்றாவிட்டால் பெல்ட் ஊறி, துகள் துகளாக உதிர்ந்து, ஒயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும். இந்த ரகத்தில் வெளியே இருந்து பார்த்தால் செயின் என்ஜின் மாதிரியே மூடி இருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்கும் வித்தை எதுவும் இங்கே செல்லாது, என்ஜின் கோட் மட்டும்தான். நண்பர் வாங்குவதானால் எந்த ஒயில் ஊற்றியது என்பதற்கு பில் கேட்கட்டும்.


நூலகப் பூச்சி (செவ்வாய், இரவு 10.30)

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். பல் வைத்த ரப்பர் பெல்ட்டோடு விற்பனைக்கு வந்த முதல் கார், மேற்கு ஜெர்மனியின் கிளாஸ் 1004. 1962. அதற்கு முன் பெரும்பாலும் செயினும் பல் சக்கரமும்தான். எழுபதுகளில் பலரும் பெல்ட்டுக்குப் போனார்கள், தொண்ணூறுகளின் கடைசியில் டொயோட்டா பெற்றோல் என்ஜின்கள் திரும்பச் செயினுக்கு வந்தன.


ஹயஸ் அண்ணே (புதன், காலை 5.58)

இதைச் சொன்னால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் விலை குறைப்பார்களா தம்பி?


பஞ்சிகாவத்தை நானா (புதன், காலை 9.30)

குறைக்க மாட்டோம் அண்ணே.

அந்தக் கொரோலா தம்பிக்கு. கடைக்கு வந்து "121 பெல்ட் இருக்கா" என்று கேட்காதீர்கள். கேட்டால் பையன் பெற்றோல்காரனின் ஃபேன் பெல்ட்டை எடுத்துத் தருவான், அவன் மேல் பிழை இல்லை. என்ஜின் 3சி-ஈ என்று சொல்லுங்கள். முடிந்தால் பாஸிடம் பழைய பெல்ட்டைக் கழற்றக் கொடுத்து, அதையும் கையோடு கொண்டு வாருங்கள். பல்லை எண்ணிப் பார்த்து, அகலத்தை வைத்துப் பார்த்து வாங்கலாம். ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் வேலைக்கு ஆகாது.

பெல்ட் மட்டும் வாங்கிப் போகாதீர்கள். டென்ஷனர் பேரிங், ஐட்லர் பேரிங், கேம் சீல், கிராங்க் சீல் எல்லாம் சேர்த்து. புது பெல்ட் போட்டு ஆறு மாதத்தில் பழைய பேரிங் இறுகி பெல்ட்டைத் தின்ற கதைகள் என் கடை வாசலில் தினமும் கேட்கலாம். தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில் ஓடும் என்ஜின் என்றால் அதையும் மாற்றிவிடுவது நல்லது. சிவிக் டி15பி அப்படி.

விலையை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த மாதம் டொலர் ஏறும்போது இந்த இழையைக் காட்டி என்னோடு சண்டைக்கு வருவீர்கள். மூன்று கடையில் கேளுங்கள்.

ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்வதில்லை. டைமிங் பெல்ட்டுக்குள் கண்ணாடி இழைக் கயிறுகள் ஓடுகின்றன. அதை மடிக்கக் கூடாது, முறுக்கக் கூடாது. "பாருங்கள் எவ்வளவு மென்மையாக இருக்கிறது" என்று மடித்துக் காட்டும் கடைக்காரரிடம் அந்தத் துண்டை மட்டும் வாங்காதீர்கள். வேறு துண்டு கேளுங்கள். உள்ளே இழை உடைந்திருந்தால் வெளியே தெரியாது.


கடலோரம்6 (புதன், இரவு 7.40)

எல்லோருக்கும் நன்றி. நாளைக்குக் கராஜில் விடுகிறேன். ஒரு கேள்வி மட்டும். மீட்டரில் 94,000தான். 100,000 வரை காத்திருந்தால் என்ன? லீசிங்கும் இருக்கிறது, கையில் காசு இறுக்கம்.


ஸ்பேனர்14 (புதன், இரவு 8.20)

மூன்று காரணம், மூன்றையும் வேகமாகச் சொல்கிறேன். ரப்பருக்குக் கிலோமீட்டர் மட்டுமில்லை வயதும் உண்டு, 100,000 கிலோமீட்டர் என்பதோடு ஆறு ஏழு வருடம் என்றும் சேர்த்துக் கணக்கெடுங்கள். காலி வீதியில் மாலை ஐந்தரைக்கு வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி போகிறீர்கள், மீட்டர் மூன்று கிலோமீட்டர் கூட எண்ணாது, என்ஜின் முக்கால் மணி நேரம் சூட்டில் சுற்றியிருக்கும். மூன்றாவது, அந்த 94,000ஐ நீங்கள் நம்புகிறீர்களா?

பாஸிடம் ஒன்று சொல்லுங்கள். புது பெல்ட் போட்டுக் குறிகளை ஒத்துவைத்த பிறகு, சாவி போடும் முன் கிராங்கைக் கையால் இரண்டு சுற்று முழுதாகச் சுற்றிப் பார்க்கட்டும். கேம், கிராங்க், டீசல் பம்ப் மூன்றின் குறியும் திரும்ப அதே இடத்துக்கு வர வேண்டும். நடுவில் இறுகினால் பல் தவறியிருக்கிறது. கையால் சுற்றும்போது தெரிந்தால் சேதமில்லை. நல்ல பாஸ் சொல்லாமலே செய்வார், சொன்னதற்காகக் கோபிக்கவும் மாட்டார்.


கடலோரம்6 (வெள்ளி, இரவு 9.05)

வேலை முடிந்தது. மூடியைக் கழற்றியபோது நானும் பக்கத்தில் நின்றேன். பெல்ட்டின் ஒரு ஓரம் முழுக்க ஒயில், கேம் சீல் கசிந்திருக்கிறது. பற்களின் அடியில் வெடிப்பு, விரலால் வளைத்தால் கோடு கோடாக வாய் திறக்கிறது. டென்ஷனர் பேரிங்கைச் சுற்றினால் மணல் அரைக்கும் சத்தம். பாஸ் இப்போது சிரிக்கவில்லை. புகைப் பரிசோதனைக்கு இப்படியே போயிருந்தால் என்று தலையில் கை வைத்தார். நானாவின் பேச்சைக் கேட்டு பேரிங், சீல் எல்லாம் மாற்றினேன். கையால் சுற்றிக் காட்டுங்கள் என்று கேட்க வெட்கமாக இருந்தது, கேட்கும் முன்னே அவரே சுற்றினார்.

இன்னொன்று. மூடியின் அழுக்கைத் துடைத்தபோது உள்ளே ஒரு ஜப்பான் ஸ்டிக்கர். எழுத்துப் புரியவில்லை, எண்கள் மட்டும் தெரிகின்றன. 16, பக்கத்தில் 7, பிறகு 21. கீழே 102,300. இந்த 16 என்ன?


நூலகப் பூச்சி (வெள்ளி, இரவு 9.32)

அது ஜப்பானிய ஆண்டு. ஹெய்சேய் 16. ஹெய்சேய் 1 என்பது 1989, ஆகவே 16 என்றால் 2004. 2004 ஜூலை 21ஆம் திகதி, 102,300 கிலோமீட்டரில் பெல்ட் மாற்றியிருக்கிறார்கள்.


கொட்டாஞ்சேனை மச்சான் (வெள்ளி, இரவு 9.34)

மச்சான், உங்கள் மீட்டரில் இன்றைக்கு எவ்வளவு என்றீர்கள்?


கடலோரம்6 (வெள்ளி, இரவு 9.36)

94,600.


வேகன்ஆர் அக்கா (வெள்ளி, இரவு 9.37)

ஐயோ தம்பி.


ஹயஸ் அண்ணே (வெள்ளி, இரவு 9.50)

இருபத்தொரு வருடத்தில் பின்பக்கமாகவே ஓட்டியிருக்கிறார்கள் போல.


ஸ்பேனர்14 (வெள்ளி, இரவு 10.10)

கழற்றிய பெல்ட் 2004இல் போட்டதேதான் என்று நான் சொல்ல மாட்டேன். நடுவில் இங்கே யாராவது ஒரு தடவை மாற்றியிருக்க வேண்டும், ஸ்டிக்கரைத் தொடாமல் விட்டிருப்பார்கள். மீட்டர் எவ்வளவு பின்னுக்குப் போயிருக்கிறது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. இன்றைய திகதியையும் 94,600ஐயும் எழுதி அந்த மூடியின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள். உங்கள் கணக்கு இன்றைக்குத்தான் தொடங்குகிறது. ஒயிலையும் மற்ற ஃபில்டர்களையும் இதோடு சேர்த்து மாற்றிவிடுங்கள், பழைய கணக்கு எதையும் நம்ப முடியாது.

கொட்டாஞ்சேனை மச்சான், நீங்கள் காரைக் காட்டினீர்களா?


கொட்டாஞ்சேனை மச்சான் (வெள்ளி, இரவு 10.14)

திங்கட்கிழமை. சத்தியமாக.


கடலோரம்6 (சனி, மாலை 4.20)

புகைப் பரிசோதனையில் கார் தேறிவிட்டது. ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

விற்றவருக்கு அந்த ஸ்டிக்கரின் படத்தையும் மீட்டரின் படத்தையும் ஒன்றாக வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு கோடும் நீலமாகிவிட்டன. பதில் இன்னும் வரவில்லை.